எட்டு மாடங்கள் கொண்ட பழைய வெள்ளிக் காபிக் கெண்டி: யார் இந்தத் தெய்வங்கள், எப்படிக் காப்பது?

மாடவீதி வாசகி எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டுப் பரணில் பழந்துணி சுற்றிக் கிடந்த ஒரு வெள்ளிக் காபிக் கெண்டியைப் பற்றி விவரம் அறிந்தவர்களிடம் கேட்க வந்திருக்கிறேன். என் மாமியாரின் தாத்தா மதராஸ் உயர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று வீட்டில் சொல்வார்கள். எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

உயரம் ஒன்றரைச் சாண் இருக்கும். அடியில் தாமரை இதழ்ப் பீடம். வயிறு உருண்டு, கழுத்து குறுகி, மேலே கீல் வைத்த மூடி. மூடியின் உச்சியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அமர்ந்த கோலத்தில் ஓர் உருவம், முகம் தேய்ந்துவிட்டது. கெண்டியின் மூக்கு ஒரு யாளியின் வாயிலிருந்து புறப்படுகிறது. பிடி, படம் எடுத்த நாகம். பிடியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வெள்ளை வளையம் போல இரண்டு துண்டுகள் செருகப்பட்டிருக்கின்றன. கீழ் வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறது, பிடியும் லேசாக ஆடுகிறது.

வயிற்றைச் சுற்றித் திருவாசி வளைவுடன் எட்டு மாடங்கள். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு. ஒவ்வொரு மாடத்திலும் வாகனத்தின் மேல் ஒரு தெய்வம். யானை, ஆடு, எருமை, குதிரை, காளை, மான் ஆகியவை எனக்குத் தெரிகின்றன. ஒருவர் ஒரு மனிதனின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு வாகனம் என்ன மிருகம் என்றே புரியவில்லை. எருமை மேல் இருப்பவரைக் கண்டுதான் வீட்டில் பயம். "எமன் இருக்கிற பாத்திரம்" என்று மாமியார் அதைக் கல்யாணச் சீரிலும் வைக்கவில்லை, பூஜை அறையிலும் வைக்கவில்லை. அழித்து வேறு செய்யவும் அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது. முழுக்கக் கறுத்துப்போயிருக்கிறது. ஒரு கடையில் மெஷினில் பாலிஷ் போட்டு, மேலே வெள்ளி முலாம் ஏற்றிப் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். டொராண்டோவில் இருக்கும் என் மகள் அடுத்த முறை வரும்போது தான் எடுத்துப் போவதாகச் சொல்கிறாள். அடியில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து தெரிகின்றன. ஓ, அடுத்து இரண்டு ஆர். சிங்க முத்திரை எதுவும் இல்லை. அதனால் இது வெள்ளியே இல்லை என்று என் தம்பி சொல்கிறான். யார் இந்த எண்மர்? இது எந்த ஊர் வேலை? நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?


விதானம் பார்ப்பவன் எழுதியது:

அம்மா, எருமை மேல் இருப்பவர் எமதர்மராஜனேதான். ஆனால் அவர் அங்கே தனியாக வரவில்லை. எட்டு மாடம், எட்டு வாகனம் என்றால் நீங்கள் வைத்திருப்பது அஷ்டதிக்குப் பாலகர்கள். கிழக்கே யானை மேல் இந்திரன், தென்கிழக்கே ஆட்டுக்கடா மேல் அக்னி, தெற்கே எருமை மேல் எமன், தென்மேற்கே மனிதனை வாகனமாகக் கொண்ட நிருதி, மேற்கே மகரத்தின் மேல் வருணன், வடமேற்கே மான் மேல் வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே காளை மேல் ஈசானன். உங்களுக்குப் புரியாத அந்த மிருகம் மகரமாக இருக்க வேண்டும். முதலை வாயும் மீன் வாலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குதிரை மேல் இருப்பவரைத் தனியாகப் பார்த்தால் கல்கி என்று தோன்றும். யானை மேல் இருப்பவரைத் தனியாகப் பார்த்தால் ஐயனார் என்றும் நினைக்கலாம். வரிசைதான் இதைத் தீர்க்கும். மூக்கிலிருந்து தொடங்கிக் கெண்டியை வலமாகச் சுற்றிப் படியுங்கள். யானை, ஆடு, எருமை, மனிதன், மகரம், மான், குதிரை, காளை என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். மானுக்கும் காளைக்கும் நடுவில் இருக்கும் குதிரைக்காரர் குபேரன்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில் இந்த எண்மருக்கும் திசைக்கு ஒன்றாகச் சந்நிதி அமைத்திருக்கிறார்கள். பல கோயில்களின் மண்டப விதானத்திலும் ஒன்பது கட்டங்கள் வகுத்து, நடுக்கட்டத்தைச் சுற்றி இவர்களை வைப்பார்கள். எட்டுத் திக்கும் காவல் இருக்க வேண்டும் என்பதே கருத்து. தெற்கை மட்டும் காவலில்லாமல் விட முடியுமா? உங்கள் மாமியாரின் அச்சத்தை மரியாதையுடன் புரிந்துகொள்கிறேன். ஆனால் இந்தப் பாத்திரத்தில் அமங்கலம் எதுவும் இல்லை.


மவுண்ட்ரோடு நடையன் எழுதியது:

ஓ, ஆர், ஆர் என்ற எழுத்துகளும் சுற்றிலும் தெய்வ உருவங்களும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் முதலில் நினைவுக்கு வருவது பி. ஓர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஓர் 1849-ல் மதராசில் நிறுவிய கடை. கடிகாரமும் நகையும் விற்றவர்கள், மவுண்ட்ரோட்டில் மணிக்கூண்டு வைத்த கட்டடம் கட்டியவர்கள். கோயில் சிற்ப உருவங்களை வெள்ளித் தேநீர்ச் செட்டுகளிலும் கெண்டிகளிலும் தட்டுகளிலும் ஏற்றி வெள்ளைக்காரர்களுக்கு விற்பதில் அவர்களுக்குப் பெரிய பெயர். ஏலக் கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இதைச் "சுவாமி வேலை" என்பார்கள். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவைச் சுற்றி வந்தபோது சேர்ந்த பரிசுகளில் இந்த மதராஸ் வேலையும் இருந்தது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் அது இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வேலையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். கட்ச் பகுதியின் பூஜ் நகர வேலை என்றால் சுருள் சுருளாகக் கொடியும் பூவும். கல்கத்தாவின் பவானிப்பூர் வேலையில் குடிசை, தென்னை, ஏர் உழுபவன் என்று கிராமத்துக் காட்சிகள். லக்னோவில் காடும் வேட்டையும். காஷ்மீரில் சால்வைக் கரை, சினார் இலை. தெய்வங்களை மாடம் கட்டி நிறுத்தினால் அது மதராஸ்.

உங்கள் தம்பியின் சந்தேகத்துக்கு: சிங்க முத்திரை, வெள்ளியின் தரம் பார்க்கும் இங்கிலாந்தின் சோதனைக் கூடங்கள் அடிப்பது. அங்கே 1544 முதல் அந்த வழக்கம் இருக்கிறது. மதராசில் அப்படி ஒரு சோதனைக் கூடமே இயங்கவில்லை. கடைக்காரர் தம் பெயரை அடித்து விற்றார், அவ்வளவுதான். சிங்கம் இல்லாதது குறையும் அல்ல, போலி என்பதற்குச் சான்றும் அல்ல.

காபிக் கெண்டிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. அறியப்பட்ட ஆங்கில வெள்ளிக் காபிக் கெண்டிகளில் மிகப் பழையது 1681-ல் லண்டனில் செய்யப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்பவர் அதைக் கம்பெனிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இப்போது அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூம்பு வடிவம், நேர் மூக்கு. பொறித்த சின்னத்தையும் எழுத்துகளையும் தவிர அலங்காரமே இல்லை. அந்த மொட்டைக் கூம்பு இங்கே வந்து, நம் ஊர்க் கைகளில் யாளி வாயும் நாகப் பிடியும் பெற்றதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.


நகாசு உளி எழுதியது:

அம்மா, நான் நகாசு வேலை செய்பவன். எங்கள் பட்டறையில் சுவாமிக்குக் கவசம், திருவாசி, வாகனத்துக்குத் தகடு போர்த்துவது ஆகியவையே முக்கிய வேலை. உங்கள் கெண்டியை அடித்தவர்களும் இந்தத் தொழில்காரர்களாகவே இருந்திருப்பார்கள். அடியில் கடையின் பெயர் இருக்கிறது. அடித்தவரின் பெயர் இருக்காது. ஆனால் அவருடைய கை அதில் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உருவாக்கம். ஒரு வட்டத் தகட்டைச் சுத்தியால் சுற்றிச் சுற்றி அடித்து எழுப்பிக் குடமாக்குவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும். அப்போது மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, ஆற்றி, மீண்டும் இளக்கி அடிக்க வேண்டும். பொறுமை இல்லாமல் விறைத்த தகட்டை அடித்தால் விளிம்பு வெடித்துவிடும். குடம் ஆனபிறகுதான் சிக்கலே. கழுத்து குறுகலாக இருப்பதால் சுத்தி உள்ளே போகாது. உள்ளிருந்து புடைக்க வேண்டிய இடத்தை எப்படித் தள்ளுவது? முனை மேல்நோக்கி வளைந்த ஒரு நீண்ட இரும்பின் ஒரு முனையைப் பிடிப்பானில் இறுக்கி, மறு முனையைக் கெண்டிக்குள் விட்டு, பிடிப்பானுக்குப் பக்கத்தில் சுத்தியால் தட்டுவார்கள். தட்டிய அதிர்வில் உள்ளே இருக்கும் முனை துள்ளி, வெள்ளியை உள்ளிருந்து குத்தித் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும் அடியைக் கெண்டியைப் பிடித்திருக்கும் கையால் உணர்ந்துதான் இடம் பிடிக்க வேண்டும். எட்டு மாடங்களும் ஒரே மட்டத்தில் நிற்பது இதனால்தான் பெரிய காரியம்.

மேடு வந்ததும் குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கைக் கெண்டிக்குள் ஊற்றி இறுக விடுவார்கள். அரக்கு உள்ளே தாங்கி நிற்கும்போது வெளியிலிருந்து மொட்டை உளிகளால் முகம், ஆபரணம், வாகனத்தின் மயிர், திருவாசிச் சுடர் எல்லாவற்றையும் அழுத்தி வரைவார்கள். இதில் வெள்ளி துளிகூட வெட்டப்படுவதில்லை. இருந்த இடத்திலிருந்து நகர்த்தப்படுகிறது. வேலை முடிந்ததும் சூடு காட்டி அரக்கை வடித்துவிடுவார்கள்.

இப்போது ஒரு சிறு டார்ச்சை உள்ளே பிடித்து இவற்றைப் பாருங்கள். வெளியே உருவம் மேடாக இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் இருக்கிறதா? இருந்தால் அடித்து எழுப்பிய வேலை. உள்ளே வழவழப்பாக இருந்து, வெளியே உருவத்தைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரிந்தால், உருவங்களைத் தனியாக அடித்து மேலே பற்றவைத்திருக்கிறார்கள். ஆழமான உருவங்களை அப்படியும் செய்வதுண்டு, அதுவும் நல்ல வேலைதான். அடுத்து, உருவங்களுக்குப் பின்னால் உள்ள தரை. அது மொழுக்கென்று இருக்காது. உளி முனையால் நெருக்கமாகப் புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடியில் எட்டு மாடங்களின் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளியின் அளவும் நெருக்கமும் எங்கேயாவது மாறுகிறதா? அங்கே ஒரு கை முடிந்து இன்னொரு கை தொடங்கியிருக்கலாம். முகம் எல்லோரும் கவனமாகச் செய்வார்கள். தரையில்தான் ஒருவருடைய இயல்பு தெரியும்.

வெள்ளியா என்ற கேள்விக்கு: அதிகம் தேய்ந்த இடங்களைப் பாருங்கள். உச்சியில் உள்ள உருவத்தின் மூக்கு, யாளியின் புருவம், பீடத்தின் விளிம்பு. அங்கே மஞ்சளோ செம்போ எட்டிப் பார்த்தால் முலாம். தேய்ந்த முகமும் வெள்ளையாகவே இருந்தால் நல்ல அறிகுறி. உறுதியாக வேண்டுமானால் ஹால்மார்க் சோதனை மையத்தில் எக்ஸ்ரே கருவியில் காட்டுங்கள், கீறல் விழாது. அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் தேய்ந்த பீட விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் யாரும் உரைக்க விடாதீர்கள்.

மெஷின் பாலிஷ் கூடவே கூடாது. அம்மா, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சுழலும் துணிச் சக்கரம் மேட்டைத்தான் முதலில் தின்னும். மூக்கும் விரலும் வாகனத்தின் காதும் ஒரே நாளில் போய்விடும். நூறு ஆண்டுகள் கையால் துடைத்தாலும் அவ்வளவு தேயாது. மேலே முலாம் ஏற்றினால் புள்ளி வைத்த தரையும் உருவமும் ஒரே வெளுப்பாகிவிடும். பள்ளங்களில் தங்கியிருக்கும் கறுப்பு அழுக்கு என்று நினைக்காதீர்கள். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. மேடு வெளுத்துப் பள்ளம் கறுத்து இருந்தால்தான் உருவம் எழுந்து நிற்கும். புதுக் கவசத்துக்கே பள்ளங்களில் கறுப்பு ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது காலம் இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

முக்கியெடுத்தால் பளபளக்கும் திரவம், அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீர், இரண்டுமே அந்தப் பள்ளத்துக் கறுப்பையும் சேர்த்து உரித்துவிடும். பல்பொடியும் வேண்டாம். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துத் துடையுங்கள். போதவில்லை என்றால் மிக நைசான சாக்கட்டித் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) நீரில் குழைத்து, விரலில் துணி சுற்றி, மேடுகளை மட்டும் தேயுங்கள். திருநீறு போட்டுத் துலக்குவது நம் வீடுகளில் வழக்கம்தான். மொழுக்கையான டம்ளருக்குச் சரி. இந்த வேலைப்பாட்டுக்குள் போனால் புள்ளிகளில் அடைந்துகொண்டு வெளியே வராது.

பிடி விஷயத்தை அவசரப்பட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். அதைத் தனியாகச் சொல்கிறேன். பிடி கெண்டியோடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற கட்டி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


தராசுமுள் எழுதியது:

நான் வெள்ளிக் கடையில் வேலை பார்ப்பவன். மேலே சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த அம்மா போல மாதம் ஒருவராவது எங்கள் கடைக்கு வருகிறார்கள். பழைய வேலைப்பாடு என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். கடைக்காரர் சேதாரம் கழித்து எடைக்குத்தான் கொடுக்க முடியும். வீட்டில் பிள்ளைகள் பங்கு கேட்கும்போது கெண்டியை எட்டாக வெட்ட முடியாது. அழித்து இரண்டு குத்துவிளக்கு செய்துகொண்டால் தினமும் பயன்படும், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. குடும்பத்துக்குள் சமாதானம் முக்கியம் என்பதால் சொல்கிறேன்.


நகாசு உளி எழுதியது:

தம்பி, நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், உங்கள் கல்லாவுக்கு எதிரில் நடப்பதைச் சொல்கிறீர்கள். ஆனால் எடையை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். வேலையை வாங்க முடியாது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் விலை அவுன்சுக்கு ஐம்பது டாலரை நெருங்கியது. அப்போது உலகமெங்கும் பழைய வெள்ளிப் பாத்திரங்கள் உலைக்குப் போயின. சில வாரங்களில் விலை சரிந்துவிட்டது. உருகிய பாத்திரங்கள் உருகியவைதான்.

இன்று என்னிடம் ஒருவர் இப்படி ஒரு கெண்டி செய்யச் சொன்னால், தகடு தருவேன், அச்சு தருவேன். உள்ளே விட்ட இரும்பின் துள்ளலைக் கையால் உணர்ந்து எட்டு மாடம் எழுப்ப, தேடித்தான் ஆள் பிடிக்க வேண்டும். பங்கு பிரிக்க வேறு வெள்ளி இருக்கும். இதை ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடு கொடுக்கட்டும்.


வழக்காடி எழுதியது:

டொராண்டோ பற்றி ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப் பொருள் தொல்பொருளாகும். அதை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. பரம்பரைச் சொத்து, சொந்த மகளுக்குக் கொடுப்பது என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. நூறு ஆண்டு ஆகவில்லை என்று நம்பினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே எடுத்துச் செல்லலாம். பெட்டிக்குள் வைத்து அனுப்பிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிடியில் உள்ள வெள்ளை வளையங்கள் தந்தமாக இருந்தால் இன்னொரு சட்டமும் சேரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்த வியாபாரத்தைத் தடை செய்கிறது. பன்னாட்டு அளவில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஆசிய யானை இருக்கிறது. ஆகவே விற்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் வளையம் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எலும்பைப் போல அதில் கரும்புள்ளி தெரிகிறதா, தந்தத்தைப் போலக் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.


மாடவீதி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வலமாகச் சுற்றிப் பார்த்தேன். யானை, ஆடு, எருமை, மனிதன் ஒரு பக்கம். பிடியைத் தாண்டினால் மீன் வாலோடு அந்த மிருகம், மான், குதிரை, காளை. நீங்கள் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது. மாமியாரிடம் போய் ஒவ்வொருவராகக் காட்டினேன். தொண்ணூறு வயதை நெருங்குகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டுப் பேரையும் தொட்டுப் பார்த்தார். "குபேரனும் இருக்கிறானா!" என்று கேட்டார்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் பள்ளம் இருக்கிறது. தேய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகவே இருக்கின்றன. புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. இந்திரன் பக்கத்து நான்கு மாடங்களில் புள்ளிகள் பெரியவை, கொஞ்சம் இடைவெளி விட்டவை. வருணன் பக்கத்தில் பொடிப் பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டியதுபோல இருக்கின்றன. பிடிக்குக் கீழே வெள்ளி நிறத்தில் இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. வளையத்தில் கரும்புள்ளிகள் இல்லை, மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகின்றன.

மகளிடம் சட்டத்தைச் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும், வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இன்னும் ஒரு கேள்வி: மாமியாருக்கு இதில் ஒரு முறையாவது காபி ஊற்றிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். செய்யலாமா?


நகாசு உளி எழுதியது:

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாராளமாக ஊற்றிக் கொடுங்கள். அது காபிக்காகவே செய்தது. அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம். முதலில் உள்ளே நன்றாகக் கழுவுங்கள். பழைய அரக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் மூக்கின் துளையில்தான் தங்கியிருக்கும். வெந்நீர் ஊற்றி, மூக்கு வழியாக வடித்து, முகர்ந்து பாருங்கள். பிசின் வாடை வந்தால் வாடை நீங்கும்வரை மீண்டும் செய்யுங்கள். காபியை வெளியே கலந்து, சூடாக ஊற்றி, உடனே பரிமாறிவிட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறக் கூடாது. வெள்ளியைப் போல வெப்பத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. அதனால்தான் பிடியில் அந்த வளையங்களைச் செருகியிருக்கிறார்கள். வயிற்றின் சூடு நாகம் வரை ஏறாமல் அவை தடுக்கும். ஆனாலும் பிடி ஆடுகிறவரை அதை நம்பித் தூக்காதீர்கள். துணியால் வயிற்றைத் தாங்கி ஊற்றுங்கள். அந்தச் சாம்பல் கட்டிக்குப் பக்கத்தில் காபி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டி ஈயப் பற்று. யாரோ பிற்காலத்தில் ஒட்டிய வேலை. இதை அறியாமல் ஒரு ஆசாரி வெள்ளிப் பற்று வைத்து ஊதினால் பெரிய சேதம் நேரும். ஈயப் பற்று இருநூறு டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே உருகிவிடும். வெள்ளிப் பற்றுக்கு எழுநூறு டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி, அம்மைத் தழும்பாகக் குழி விழுந்துவிடும். ஆகவே முதலில் ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சம் துளி இருந்தாலும் நெருப்பு காட்டக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிவதால் வளையம் தந்தம்தான் என்று நினைக்கிறேன். எலும்பாக இருந்தால் கரும்புள்ளி தெரியும். தந்தம் சூட்டில் வெடிக்கும். வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகளைக் கழற்றி, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் சொல்லாமலே கேட்கிற ஆசாரியிடம் மட்டும் கொடுங்கள். கேட்காதவரிடமிருந்து கெண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

புள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரே ஆள் நடுவில் உளியைத் தீட்டியிருந்தாலும் புள்ளி சிறிதாகும். ஆனால் இடைவெளியும் சேர்ந்து மாறியிருப்பதால், பிடியிலிருந்து மூக்கு வரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வருணன் பக்கத்தைச் செய்தவர் நிதானமானவர். முடிந்தால் இரண்டு பக்கத்துத் தரையையும் கிட்டத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். எங்கள் பட்டறைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எடுத்து வைக்கும்போது செய்தித்தாளிலோ கம்பளித் துணியிலோ சுற்றாதீர்கள், ரப்பர் பாண்டு போடாதீர்கள். கம்பளியிலும் ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. துவைத்து உலர்த்திய பழைய பருத்தி வேட்டி போதும். மூடியை இறுக்கி மூடாமல், கீலில் ஒரு துணித் துண்டை வைத்துச் சற்றே திறந்தபடி வையுங்கள். உள்ளே ஈரம் தங்காது.